முதுமக்கள் தாழி

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் பார்ட்லோ என்றொரு சிற்றூர். அங்கே வயல்வெளியை ஒட்டிச் செங்குத்தான மண்மேடுகள் நிற்கின்றன. மிக உயர்ந்தது ஏறத்தாழ 45 அடி. ரோமானியர் ஆட்சிக் காலத்துச் செல்வர்களின் கல்லறைகள் அவை. உடலை எரித்த மிச்சத்தைக் கலத்தில் இட்டு, உணவும் விளக்கும் உடன்வைத்து, மேலே மண்ணைக் குவித்தார்கள். 1830களில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் பெரும்பகுதி 1847இல் ஒரு மாளிகைத் தீயில் அழிந்துபோயிற்று.

நம் வைகைக் கரையிலோ தாழிகளே மிகுதி. சோழவந்தானிலிருந்து மதுரை செல்லும் வழியில் நாம் நாள்தோறும் கடக்கும் பரவையில் கிடைத்துள்ளன, அனுப்பானடியிலும் கிடைத்துள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தபோது தாழிகளோடு இரும்பு வாள்களும் பொற்பட்டங்களும் வெளிப்பட்டன. கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் 2020 முதல் அகழாய்வு நடந்தது.

சாகாமல் கிடந்த கிழவர்களை உயிரோடு தாழிக்குள் இறக்கினார்கள் என்று நம் ஊர்களில் கதை சொல்வார்கள். பெயரைப் பார்த்துக் கட்டிய கதை என்றே எண்ணுகிறேன். பல தாழிகளில் மண்டையோடும் சில கைகால் எலும்புகளுமே உள்ளன. உடல் மட்கியபின் எலும்பைப் பொறுக்கி இட்டிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். கொந்தகையில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். கிழவர் கதை சொல்வோர் அப்பாடலைப் படிக்கவில்லை போலும்!

அறிவியல் மாணவர்க்குத் தாழியின் மண்ணே பொன். உயிருள்ளவை மடிந்தபின் அவற்றிலுள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு காலம் கணிக்கலாம். சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த உமியை இவ்வாறு சோதித்து, அதன் காலம் கி.மு. 1155 என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. கொந்தகை மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு அவற்றுக்குரியவர்களின் முகங்களையே 2025இல் உருவாக்கிக் காட்டினர்.

கிணறு வெட்டும்போதோ மண் அள்ளும்போதோ தாழி தட்டுப்பட்டால் நம்மவர் முதலில் தேடுவது புதையலைத்தான். பானையை உடைத்து, உள்ளிருக்கும் மண்ணை வரப்பில் கொட்டிவிடுகிறார்கள். உமியும் எலும்பும் அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. ஓடுகளை நாளை ஒட்டலாம், கலைந்த மண்ணை ஒட்ட முடியாது. தாழியைக் கண்டால் தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால், செய்தி தொல்லியல் துறைக்குப் போய்ச் சேரும்.