அவகாட்ரோ எண்ணும் ஒரு வகுத்தற் கணக்கும்

வெள்ளி உப்புக் கரைந்த நீரினூடே மின்சாரத்தைச் செலுத்தினால், பாய்ந்த மின்சாரம் எவ்வளவோ அதற்கு நேர்விகிதமாக எதிர்மின்வாயில் வெள்ளி படியும் என்ற விதியை மைக்கேல் பாரடே 1830-களிலே நிர்ணயம் செய்தார். ரஸாயன நூல்கள் ஒரு மோல் என்று வழங்கும் அளவாகிய 107.87 கிராம் வெள்ளி படிவதற்கு ஏறக்குறைய 96,485 கூலும் மின்னேற்றம் வேண்டும். படிகின்ற ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டே படிகிறதாதலால், அந்த மொத்த மின்னேற்றத்தை ஓர் எலெக்ட்ரானின் மின்னேற்றத்தால் வகுத்துவிட்டால், ஒரு மோலில் அடங்கிய அணுக்கள் எத்தனை என்பது தானே வெளிப்பட்டுவிடும். ஒரு மரக்கால் நெல்லின் எடையை ஒரு நெல்மணியின் எடையால் வகுத்து மணிகளின் தொகையை அறிவதற்கும் இதற்கும் முறையில் யாதொரு பேதமும் இல்லை.

ஒரே வெப்பநிலையும் ஒரே அழுத்தமும் உள்ள வாயுக்கள் சம கனஅளவில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று 1811-இல் அநுமானித்த அவகாட்ரோவுக்கு, அவ்வெண்ணிக்கை எவ்வளவு என்பது தம் ஆயுள் முழுவதும் தெரியாமலே போயிற்று. எலெக்ட்ரானைத் தனியே பிடித்து அளந்தால்தானே வகுக்க முடியும்? சிகாகோ சர்வகலாசாலையில் ராபர்ட் மில்லிகன் அதைச் செய்தார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே எண்ணெயை நுண்துளிகளாகத் தூவி, அவற்றுள் ஒரு துளி தன் பாரத்தால் மெல்லக் கீழே இறங்குவதையும், தகடுகளில் மின்னழுத்தம் ஏறியவுடன் அதே துளி மேலே எழுவதையும் கண்ணாடி வழியே பொறுமையுடன் நோக்கி, அந்த வேகங்களிலிருந்து துளியின் மின்னேற்றத்தை அவர் கணித்தார். எந்தத் துளியை எடுத்தாலும் அதன் மின்னேற்றம் ஒரே சிற்றளவின் முழு மடங்காகவே இருந்தது. அச்சிற்றளவு, இன்றைய மதிப்பில், 1.602 × 10⁻¹⁹ கூலும்.

இனி வகுத்தலுக்கு வருவோம். புள்ளிக்குப் பின் பதினெட்டுச் சுழிகளை வரிசையாக எழுதி, அந்தப் பின்னத்தால் 96,485-ஐ வகுக்கப் புகுந்தால், எண்ணும்போதே ஒரு சுழி கூடியோ குறைந்தோ போகும். அறிவியல் குறியீட்டில் 96,485-ஐ 9.6485 × 10⁴ என்று எழுதினாலோ, முன்னெண், அடுக்கு என்ற இரண்டின் வேலைகளும் தனித்தனியே பிரிந்து நின்றுவிடுகின்றன: 9.6485-ஐ 1.602-ஆல் வகுத்தால் ஈவு 6.02, அடுக்குகளாகிய 4-இலிருந்து −19-ஐக் கழித்தால் 23. ஆகவே விடை 6.02 × 10²³; இதுவே அவகாட்ரோ எண்.

மாணாக்கர் பலர் இடறுவது இந்தக் கழித்தலில்தான். குறை எண்ணைக் கழிப்பது கூட்டுவதற்குச் சமம் என்பதை மறந்து, 4-இலிருந்து 19-ஐக் கழித்து −15 என்று எழுதிவிட்டால், 107 கிராம் வெள்ளியில் ஓர் அணுவுக்கும் இடமில்லை என்ற விபரீதமான முடிவு வந்து நிற்கும். மிகச் சிறியதொன்றால் வகுக்கும்போது ஈவு மிகப் பெரியதாகத்தான் வரவேண்டும் என்று ஒரு கணம் சிந்தித்தால் பிழை உடனே புலப்படும். இக்காரணத்தால், அடுக்கையே முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பது என் துணிபு. முன்னெண்ணில் நேரும் தவறு விடையைச் சிறிது அசைக்கும். அடுக்கில் ஒன்று தவறினாலோ விடை பத்து மடங்கு திரிந்துவிடும். ஸ்லைட் ரூல் கொண்டு கணக்கிட்ட பொறியாளர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர்; அக்கருவி இலக்கங்களை மட்டுமே காட்டும்; புள்ளியின் ஸ்தானத்தை அவர்களே மனத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

மில்லிகனுக்கே நேர்ந்தது ஒன்று இதற்கு நல்ல திருஷ்டாந்தம். காற்றின் பாகுநிலையைச் சற்றுக் குறைவாகக் கொண்டதனால், 1913-இல் அவர் வெளியிட்ட மின்னேற்றம், இன்றைய அலகில் சொன்னால், 1.592 × 10⁻¹⁹ கூலுமாக இருந்தது. வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருக்குமாதலால், அவகாட்ரோ எண்ணும் 6.06 × 10²³ என்று சற்றே மிகுந்தது. படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள் பெற்ற மதிப்போடு இது ஒவ்வாமற்போகவே, 1930-களில் பாகுநிலையை மறுபடி அளந்து திருத்தினார்கள். அத்திருத்தத்தில் 6.06 என்பது 6.02 ஆயிற்று, 23 என்ற அடுக்கு இம்மியும் அசையவில்லை. 2019 முதல் எலெக்ட்ரானின் மின்னேற்றம், அவகாட்ரோ எண் ஆகிய இரண்டையும், இனி அளவையால் மாறாத வண்ணம், சர்வதேச அலகு முறை வரையறையாகவே நிலைநிறுத்திவிட்டது.

எண்ணிக்கை தெரிந்தபின் தனி அணுவின் எடையும் கைக்கு எட்டிவிடுகிறது. 1.0787 × 10² கிராமை 6.022 × 10²³-ஆல் வகுத்தால் 0.1791 × 10⁻²¹ வரும். முன்னெண் ஒன்றுக்குக் குறையலாகாது என்பது இக்குறியீட்டின் மரபாதலால், புள்ளியை ஓரிடம் வலப்புறம் நகர்த்தி, அதற்கு ஈடாக அடுக்கில் ஒன்றைக் குறைத்து, 1.791 × 10⁻²² கிராம் என்று எழுதுகிறோம். இவ்வணுவை எலெக்ட்ரானோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஜே. ஜே. தாம்சன் 1897-இல் கேம்பிரிட்ஜில் அளந்த, எலெக்ட்ரானின் மின்னேற்றத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம், இன்றைய மதிப்பில் கிராமுக்கு 1.759 × 10⁸ கூலும். மில்லிகனின் சிற்றளவை இதனால் வகுத்தால் எலெக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻²⁸ கிராம் என்று கிடைக்கும். இனி அணுவின் நிறையை இந்த நிறையால் வகுக்க, −22-இலிருந்து −28-ஐக் கழித்து 6 என்ற அடுக்கும், முன்னெண்ணாக 0.197-உம் வருகின்றன: வெள்ளி அணு ஒன்று ஏறக்குறைய 1,97,000 எலெக்ட்ரான்களின் நிறையுடையது.