பிள்ளையோடு டிஸ்னிலாண்டுக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போய்வந்த கதையைக் கேட்டு, நம் பிள்ளைகளும் டிஸ்னிலாண்ட் என்கிறார்கள். பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீற்றரில், 1992 ஏப்ரல் 12இல் திறக்கப்பட்ட பூங்கா அது.

நாம் முதலில் பார்க்கவேண்டியது நுழைவுச்சீட்டை அல்ல, நமது பத்திரங்களை. அகதிப் பயணப் பத்திரம் உள்ளோர் அதன் முடிவுத் திகதியைப் பார்த்து, விசா தேவையா எனப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டறிவோம். பிள்ளைக்கும் தனிப் பத்திரம் வேண்டும். தஞ்ச வழக்கு முடியாதவர்கள் வழக்கறிஞரைக் கேளாமல் எல்லை தாண்ட வேண்டாம். ஒருநாள் மகிழ்ச்சிக்கு வழக்கைப் பணயம் வைக்கலாமா?

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இலவசம். சிலவற்றில் ஏற உயர அளவு உண்டு. பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 செ.மீ. வேண்டும். வீட்டுச் சுவரோடு நிறுத்தி அளந்து, எதில் ஏறலாம் என்று முன்பே சொல்லிவைத்தால் அங்கே அழுகை குறையும்.

பாரிஸ் நடுவிலிருந்து ஆர்.ஈ.ஆர். 'ஏ' புகையிரதத்தில் மார்ன்-லா-வலே செஸியில் இறங்கினால் வாசல் அருகிலேயே. மழைச்சட்டை, தண்ணீர், தள்ளுவண்டி கொண்டுபோவோம். நமது தொலைபேசி இலக்கத்தை எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வைப்போம். தவறிப்போன பிள்ளை தமிழில்தான் அழும். இலக்கத்தை எவரும் வாசிப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கும் அவசரம் வேண்டாம். பிள்ளை களைத்தால் திரும்புவோம். லா சப்பலில் தமிழ்க் கடைச் சாப்பாடும் இருக்கிறது.