பாறைப் புடைப்பில் படுத்த காட்டெருமை

ஜவ்வாது மலையில் சில ஊர்களில் வழவழப்பான கற்களைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். உண்மையில் அவை புதிய கற்கால மனிதர்கள் தேய்த்துச் செய்த கைக்கோடரிகள். ஒரு முனை குறுகி மறுமுனை அகன்ற அந்த உருவமே கும்பிடத் தோன்ற வைத்திருக்கலாம். கல்லிடம் கேட்டுவிட்டு உருவத்தை முடிவுசெய்யும் இந்தப் பழக்கம் ஓவியத்திலும் உண்டு, வயதும் அதிகம்.

ஸ்பெயினின் அல்தமிரா குகையில் 1879-இல் சவுத்துவோலா என்ற நிலக்கிழார் தரையில் பழம்பொருள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தது அவருடைய சிறுமகள் மரியா. கூரையெங்கும் செங்காவியாலும் கரியாலும் தீட்டிய காட்டெருமைகள்! கூரைப் பாறை புடைத்திருந்த இடங்கள் பலவற்றில் ஓவியர் ஓர் எருமையைப் படுக்க வைத்திருந்தார். புடைப்பே வயிறும் விலாவும் ஆகிவிட்டது. ஆதி மனிதனுக்கு இவ்வளவு கைத்திறன் இருக்காது என்று அறிஞர்கள் பலர் மறுத்தார்கள். அவர்களில் முக்கியமானவரான கார்த்தையாக் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியது 1902-இல். அதற்குள் சவுத்துவோலா இறந்துவிட்டார். பிரான்சின் பெஷ் மெர்ல் குகையிலும் இதே கதைதான்: பாறையின் விளிம்பு குதிரைத் தலைபோல நீண்டிருக்க, புள்ளிக் குதிரை ஒன்றை அதில் பொருத்தித் தீட்டியிருக்கிறார்கள்.

குகைக்குள் இருந்த கொழுப்பு விளக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் சின்ன மேட்டுக்கும் நிழல் கொடுக்கும். சுடர் ஆட நிழலும் ஆடும். மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். இரண்டு குழியும் ஒரு கீறலும் இருந்தாலே நமக்கு முகம் தெரிகிறது. ரீசஸ் குரங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குகைக்கு வெளியேயும் ஓவியர்கள் கல்லிடம் கேட்டிருக்கிறார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் பக்கம் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களுக்கிடையே இரும்பு, மாங்கனீசு கலந்த நீர் ஊறி, இடிந்த நகரம்போலப் பழுப்புக் காட்சிகளை வரைந்துவிடும். வரிகள் ஓடும் இத்தகைய கற்களை 16, 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தேடி வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான அந்தோனியோ தெம்பெஸ்தா, ஓர் ஓவியத்தில் கல்லின் வரிகளையே செங்கடல் அலைகளாக விட்டுவிட்டு, மனிதர்களை மட்டும் தீட்டினார். பாதி வேலையைக் கல்லே பார்த்துக்கொண்டது!

தமிழ்நாட்டுச் சமணக் குகை ஓவியர்கள் போன வழி வேறு. ஆம்பூரை அடுத்த ஆர்மாமலைச் சமணக் குகையிலும் சித்தன்னவாசலிலும் பாறைமேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி மட்டமாக்கிய பிறகே தூரிகை எடுத்தார்கள். பெரும்பாலான வண்ணங்கள் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தன. என்ன வரைவது என்பதில் மட்டும் பாறைக்கு இடமில்லை. நேர்த்திக்காகக் கொடுத்த விலை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

வங்காளத்தின் அவனீந்திரநாத் தாகூர் எதிர்த்திசையில் போனார். 'பாரத மாதா'வைத் தீட்டிப் புகழ்பெற்ற அவர், முதுமையில் காய்ந்த வேர், சுள்ளி, மரத்துண்டுகளைப் பொறுக்கிவந்து, அவற்றில் ஒளிந்திருந்த பறவையையும் விலங்கையும் மனிதரையும் வெளியே கொண்டுவந்தார். 'குட்டும் காட்டாம்' என்று அவற்றுக்கு விளையாட்டாகப் பெயர் வைத்தார். செதுக்கியது மிகக் கொஞ்சம். பெரும்பாலும் எப்படித் திருப்பி நிறுத்துவது என்பதுதான் வேலை.