வெயிலைப் பார்த்து காருக்கு சார்ஜ் ஏற்றும் சாப்ட்வேர்

எலெக்ட்ரிக் காரும் கூரையில் சோலார் பேனலும் வைத்திருக்கும் ஜெர்மானியர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 2024-இல் புதிதாக பேனல் மாட்டிய வீடுகளுக்கு, கிரிட்டுக்கு விற்கும் மிச்ச மின்சாரத்திற்கு யூனிட்டுக்கு சுமார் 8 சென்ட்தான் கிடைத்தது. வாங்கினாலோ அதைவிடப் பல மடங்கு அதிகம். மிச்சத்தைக் காரிலேயே ஏற்றிவிடுவதுதான் லாபம். அதற்காக மேகம் வரும்போதெல்லாம் ஓடிப்போய் சுவிட்சை அணைக்க முடியுமா?

அங்கே பலர் பயன்படுத்துவது இவிசிசி என்ற ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரே இதற்குப் போதும். இன்ஸ்டால் செய்தபின் பிரவுசரில் அதன் முகவரியுடன் 7070 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் திரை வரும். மீட்டரைப் படித்து, மிச்சத்திற்கேற்ப சார்ஜரின் கரண்டைக் கூட்டிக் குறைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜர் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்காது. 230 வோல்ட்டில் இது சுமார் 1.4 கிலோவாட், மூன்று பேஸ் என்றால் 4.1. மிச்சம் இதைவிடக் குறைந்தால் 'சோலார்' மோடில் சார்ஜிங் நின்றுவிடும். குளிர்காலத்தில் நாள் முழுக்க காத்திருந்தாலும் கார் காலிதான்! ஆகவே புறப்படும் நேரத்தையும் எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் 'பிளான்' பகுதியில் கொடுத்து வைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். பற்றாக்குறையை கிரிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

சில சார்ஜர்களுக்கு ஸ்பான்சர் டோக்கன் என்று பணம் கட்டவேண்டும். சார்ஜர் வாங்குமுன் இவிசிசியின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.