3 வெள்ளி மிச்சம், 60 வெள்ளி நட்டம்

ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளம். கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்துச் சுவரில், பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. “எனக்கு வரவேண்டிய வெள்ளை உறை தவறுதலாக உங்கள் பெட்டியில் விழுந்திருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். உள்ளே இருப்பது ஓர் அட்டைதான். ஆனால் எனக்கு அது முக்கியம்” என்று நீல மையில் எழுதியிருக்கிறது. கீழே வீட்டு எண்.

சென்ற நவம்பர் மாதம் ஓர் இரவு, இந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவர் ஓர் உயர்நிலை 2 மாணவர். அவர் தேடிய உறையை அஞ்சலில் சேர்த்தவள் நான்.

கூடுதல் அட்டைகளில் தொடங்கிய விற்பனை

தொடக்கநிலை 4ல் படித்தபோது பிறந்தநாள் பரிசாக ஒரு பாக்கெட் போக்கிமோன் அட்டைகள் கிடைத்தன. அன்று முதல் சேர்த்து வருகிறேன். 1996ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான இந்த அட்டை விளையாட்டில், பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதனால் ஒரே அட்டை இரண்டு, மூன்று என்று சேர்ந்துவிடும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, கூடுதலாக இருந்தவற்றை இணையத்தில் விற்று, அந்தப் பணத்தில் எனக்கு வேண்டியதை வாங்கத் தொடங்கினேன்.

படம் எடுத்துத் தளத்தில் ஏற்ற 2 நிமிடம். விலை பேச 10 நிமிடம். அதற்குப் பிறகுதான் சோதனை. ஓர் அட்டையின் அளவு 63 மில்லிமீட்டருக்கு 88 மில்லிமீட்டர். எடை 2 கிராம்கூட இராது. இதைவிட எளிதாக அனுப்பக்கூடிய பொருள் உண்டா என்று தோன்றும். ஆனால் ஒரு மூலை மடிந்தாலே விலை சரிந்துவிடும். பளபளப்புப் பூச்சுள்ள அட்டை நம் ஊர் ஈரப்பதத்தில் தானாகவே வளையும். ஆகவே மெல்லிய உறை, அதன்மேல் கடினமான பிளாஸ்டிக் உறை, தண்ணீர் புகாத பை, இருபுறமும் அட்டைப்பெட்டித் துண்டு என்று நான்கு அடுக்குப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. அடுக்குகள் கூடினால் உறை தடித்துவிடும். தடித்தால் சாதாரணக் கடிதத்துக்கான தபால்தலை போதாது.

“நீங்கள்தானே சம்மதித்தீர்கள்?”

அந்த மாணவர் வாங்கிய அட்டையின் விலை 60 வெள்ளி. பள்ளிக் கைச்செலவுப் பணத்தில் சேர்த்தது என்று சொன்னார். பணத்தைப் பேநவ் வழி உடனே அனுப்பிவிட்டு, “எப்படி அனுப்புவீர்கள்?” என்று கேட்டார். கண்காணிப்பு எண்ணுடன் அனுப்பினால் 3 வெள்ளி கூடுதலாகும். அதற்கு நான் அஞ்சல் நிலையத்துக்கும் போகவேண்டும். எனக்கோ பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தபால்தலை என் மேசையிலேயே இருந்தது. “சாதாரண அஞ்சலே போதும், எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் 3 வெள்ளி மிச்சம்” என்றேன். அவர் மகிழ்ச்சியுடன் சம்மதித்தார்.

மூன்று நாள் கழித்து “வரவில்லை” என்றார். ஏழாம் நாளும் அதே செய்தி. “இன்னும் இரண்டு நாள் பாருங்கள்” என்று ஒவ்வொரு முறையும் பதில் போட்டேன். பன்னிரண்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “சாதாரண அஞ்சலுக்கு நீங்கள்தானே சம்மதித்தீர்கள்? அஞ்சலில் தொலைந்தால் விற்பவர் பொறுப்பல்ல என்று என் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேனே” என்று அனுப்பினேன். அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. எல்லாரும் எழுதுகிறார்களே என்று வேறொருவர் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா என் தம்பியைப் பார்த்தார். அவனும் உயர்நிலை 2தான். “இவன் காசா இருந்தா, அந்த விக்கிறவங்க சொல்றது நியாயம்னு சொல்லியிருப்பியா?” என்று மட்டும் கேட்டார்.

சற்று நேரத்தில் அந்தப் படம் வந்தது. அதில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பதினோராம் மாடி. நான் உறையில் எழுதியது 11ஆ, 17ஆ? என் கையெழுத்தில் 1க்கும் 7க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உறையைப் படம் எடுத்து வைத்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. அஞ்சல் சேவையைக் குறை சொன்னேன், அவரைக் குறை சொன்னேன். என் பங்கை நான் சரியாகச் செய்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் இல்லை.

சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறது. வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அது கடிதத்தைப் புளோக் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கலாம். எந்தப் பெட்டி என்பதை வீட்டு எண்தான் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை 60 வெள்ளியையும் திருப்பி அனுப்பினேன். “உங்கள்மீதுதான் தவறு என்று நான் சொல்லவில்லையே” என்று பதில் எழுதினார். அந்த உறை இன்றுவரை கிடைக்கவில்லை.

கட்டணம் எதற்கு?

அதன் பிறகுதான் அனுப்பும் வழிகளை விலைப் பட்டியலாகப் பார்ப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு வழியிலும் நாம் வாங்குவது வேறு வேறு.

தபால்தலை ஒட்டிய சாதாரண உறைக்குக் கொடுக்கும் பணம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டுமே. சிங்கப்பூரில் சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கான கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசாக உயர்ந்தது. அதன் பிறகும் ஏறியிருக்கிறது. ஆனாலும் இதுவே ஆக மலிவு. கண்காணிப்பு எண்ணுக்குக் கொடுப்பது, பொருள் எங்கே இருக்கிறது என்று அறிவதற்கு. பதிவு அஞ்சலுக்குக் கொடுப்பது, பெற்றவர் கையெழுத்துக்கு. காப்புறுதிக்குக் கொடுப்பது, தொலைந்தால் இழப்பீடு பெறுவதற்கு. பலரும் கண்காணிப்பையும் காப்புறுதியையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். எங்கே தொலைந்தது என்று தெரிந்துகொள்வது வேறு, தொலைந்ததற்குப் பணம் கிடைப்பது வேறு. இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். அதை அனுப்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்துக் கொடுப்பதும் ஒரு வழி. செலவு நம் நேரம். விலையுயர்ந்த பொருளுக்கு இதுவே சிறந்தது. வாங்குபவர் அங்கேயே பொருளைப் பார்த்துவிடலாம்.

பெரிய பொருள்களில் இன்னொரு கணக்கு உண்டு. அட்டைகளை அடுக்கும் கோப்புகளை ஒருமுறை கூரியரில் அனுப்ப விரும்பினேன். தராசில் 600 கிராம்தான். கேட்ட கட்டணமோ 2 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு உரியது. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கின்றன. அதில் வரும் எண், உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால், அதற்கே கட்டணம். என் பெட்டி 30க்கு 20க்கு 20. வகுத்தால் 2.4 கிலோ. பாதி காற்றுக்குப் பணம் கட்டவிருந்தேன்! வீட்டுக்குத் திரும்பி, கோப்புகள் பொருந்தும் சிறிய பெட்டியாகத் தேடி எடுத்தேன்.

எல்லை தாண்டும்போது

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கப் படிவமும் சேர்ந்துகொள்கிறது. அஞ்சலில் செல்லும் சிறு பொட்டலங்களில் ஒட்டும் சிஎன்22 என்ற படிவம், 1874ல் தொடங்கப்பட்ட அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தது. உள்ளே என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர், 40 வெள்ளி அட்டைக்கு “பரிசு, 5 வெள்ளி என்று எழுதுங்கள்” என்றார். ஐரோப்பிய ஒன்றியம், 22 யூரோவுக்கு உட்பட்ட பொருள்களுக்கு இருந்த வரி விலக்கை 2021 ஜூலை 1ஆம் தேதி நீக்கிவிட்டது. தனிப்பட்டவர்கள் அனுப்பும் சிறு பரிசுகளுக்கு மட்டும் விலக்கு நீடிக்கிறது. அதனால்தான் அந்த வேண்டுகோள். ஆனால் கையெழுத்து என்னுடையது. பொய்யாக எழுதினால் அது குற்றம். பொட்டலம் தொலைந்தாலும் 5 வெள்ளிக்கு மேல் நான் கேட்க முடியாது. முடியாது என்றேன். அவர் வாங்கவில்லை.

விதிகள் திடீரென மாறுவதும் உண்டு. 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியபோது, பல நாடுகளின் அஞ்சல் நிறுவனங்கள் அங்கே பொருள் அனுப்பும் சேவையையே சில காலம் நிறுத்திவைத்தன. அதனால் வெளிநாட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளும் முன், அந்த வாரத்து நிலவரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

முன்கூட்டியே சொல்லும் ஒரு வரி

இப்போது நான் கடைப்பிடிப்பவை எளிய பழக்கங்கள். முகவரியை வாங்குபவரே தட்டச்சு செய்து அனுப்பவேண்டும். அதை அச்சிட்டு ஒட்டுகிறேன், கையால் எழுதுவதில்லை. மூடும் முன்பும் மூடிய பின்பும் உறையைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புகிறேன். கண்காணிப்புச் செலவைத் தனியாகக் கேட்காமல், 20 வெள்ளிக்கு மேற்பட்ட அட்டைகளின் விலையிலேயே சேர்த்துவிடுகிறேன்.

“விற்பவர் பொறுப்பல்ல” என்ற வரியை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில், “இந்த வழியில் அனுப்பித் தொலைந்தால் நட்டம் யாருடையது என்பதைப் பணம் அனுப்பும் முன் பேசிக்கொள்வோம்” என்று எழுதியிருக்கிறேன். பணம் கைக்கு வந்த பிறகு பேசினால், பேச்சு விற்பவர் வசதிக்கே நடக்கும். என்னிடம் அப்படித்தான் நடந்தது. மலிவான வழியைப் பரிந்துரைத்தது நான். நேரம் மிச்சமானது எனக்கு. தொலைந்தால் போவது மட்டும் அவருடைய பணமாக இருந்தது.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அதே மாணவர் மீண்டும் செய்தி அனுப்பினார். இம்முறை 8 வெள்ளி அட்டை. இருக்கும் வழிகளைச் சொல்லி, “8 வெள்ளி அட்டைக்கு 3 வெள்ளி கொடுப்பது அதிகம். சாதாரண அஞ்சலில் அனுப்பலாம். தொலைந்தால் நட்டம் என்னுடையது” என்றேன். அவர் சாதாரண அஞ்சலையே தேர்ந்தெடுத்தார். முகவரியை அச்சிட்டு ஒட்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, பெட்டியில் போட்டேன்.

இரண்டாம் நாள் மாலை ஒரு படம் வந்தது. அவருடைய கையில் அந்த அட்டை. மூலை எதுவும் மடியவில்லை. பின்னால் அதே கடிதப் பெட்டிகள். சுவரில் அந்தத் தாள் மட்டும் இல்லை.