சொல் தெரிந்து கற்றல்

திருவண்ணாமலையில் மலையே இறைவனாக வழிபடப்படுகிறது. முழுமதி நாள்தோறும் மக்கள் பல்லாயிரவராய்த் திரண்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் நடந்து அம்மலையை வலம் வருவர். அக்கூட்டத்தில் கடல் கடந்து வந்தோரும் கலந்து நடப்பர். ஸ்பெயின் நாட்டிலிருந்தும் அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலிருந்தும் வரும் ஸ்பானிய மொழியினரும் அவர்களுள் உளர். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குவது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு ஆட்சிமொழிகளுள்ளும் ஒன்று.

அந்நகரத்து மாணவர் இருவர் இம்மொழியைக் கற்கத் தொடங்கினர் எனக் கொள்வோம். முதல்வன் அகராதியைத் திறந்து, முதற்பக்கத்திலிருந்தே சொற்களை மனப்பாடம் செய்தான். பறவைகளின் பெயர், நிறங்களின் பெயர், அணிகலன்களின் பெயர் என முந்நூறு சொற்கள் அவன் நெஞ்சில் நிறைந்தன. மற்றவன் கற்றவையோ நூறு சொற்களே. ஒருநாள் கிரிவலப் பாதையில் ஸ்பானிய மூதாட்டி ஒருவர் நடக்கவியலாது ஓரமாக அமர்ந்துவிட்டார். அவர் முகத்தில் வேர்வை அரும்பியது. முந்நூறு சொல் கற்றவன் செய்வதறியாது நின்றான். நூறு சொல் கற்றவன் அருகில் சென்று மூன்று சொற்களைக் கூறினான். மூதாட்டி தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். அவன் உடனே மருத்துவ உதவியை நாடி ஓடினான். அம்மூன்று சொற்கள் எவை என்பதைப் பின்னர்க் காண்போம். மிகுதியாகக் கற்றவன் வாயடைத்து நிற்க, குறைவாகக் கற்றவன் பயன்பட்டது எங்ஙனம் என்பதே முதலில் ஆராயத்தக்கது.

சொற்களைத் தொகுத்துக் கற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். திவாகர நிகண்டு தெய்வப் பெயரில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளது. வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தித் தேடுவோர்க்கு வழியை எளிதாக்கிற்று. ஆயினும் இவற்றின் நோக்கத்தை உணர்தல் வேண்டும். நிகண்டு, தமிழை முன்னரே பேசத் தெரிந்தவன் செய்யுளைப் பொருளுணர்ந்து கற்பதற்கு உதவுவது. அகராதி, அறியாத சொல்லைத் தேடிக் காண்பதற்கு உரியது. புதிய மொழியில் முதலடி எடுத்து வைப்பவனுக்கு இவ்விரண்டின் வரிசையும் வழிகாட்டியாகா. ஸ்பானிய அரச கழகம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 93,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றை முதலிலிருந்து வரிசையாகக் கற்கப் புகுந்தால், வாழ்நாளும் போதாது, ஊக்கமும் நில்லாது.

ஆயின், எச்சொற்களை முதலில் கற்பது? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவருள் மைக்கேல் வெஸ்ட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவர் வங்காளத்தில் டாக்கா நகரில் கல்விப் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர் ஆங்கிலம் கற்கப் படும் இடரை நேரிற் கண்டு, குறைந்த சொற்களால் பாடநூல்களை எழுதினார். 1953-ஆம் ஆண்டில், கற்போர்க்கு இன்றியமையாத ஏறத்தாழ 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். ஒரு சொல் எத்துணை முறை வழங்குகிறது என்பதோடு, அஃது எத்துணைத் தேவையானது என்பதையும் அவர் கருத்திற் கொண்டார். ஸ்பானிய மொழிக்கு மார்க் டேவிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இரண்டு கோடிச் சொற்கள் அடங்கிய நூற்பகுதிகளையும் உரையாடல்களையும் கணக்கிட்டு, மிகுதியாக வழங்கும் 5,000 சொற்களை 2006-இல் வரிசைப்படுத்தினார். இத்தகைய கணக்கீடுகளால் ஓர் உண்மை புலனாயிற்று. மிகுதியாக வழங்கும் ஆயிரம் சொற்களை அறிந்தவன், எழுதியதையோ பேசியதையோ எதிர்கொள்ளும்போது, அதிலுள்ள சொற்களில் நான்கில் மூன்று பங்கை முன்னரே அறிந்தவனாகிறான்.

அவ்வாறு மிகுதியாக வழங்குபவை எவ்வகைச் சொற்கள்? தொல்காப்பியம் கூறும் பெயர், வினை, இடை, உரி என்னும் பாகுபாடு இதனை அறியத் துணை செய்யும். ஸ்பானியச் சொல்வரிசையின் தலைப்பில் நிற்பவை பெரும்பாலும் நம் இடைச்சொற்களும் வேற்றுமை உருபுகளும் செய்யும் தொழிலைச் செய்பவை. ‘தெ’ என்பது ‘உடைய’, ‘இருந்து’ என்னும் பொருள்களைத் தரும். ‘ஆ’ என்பது ‘கு’ உருபு போன்றது. ‘என்’ என்பது ‘இல்’ போன்றது. ‘இ’ என்பது ‘உம்’ போல இணைப்பது. ‘கொன்’ என்பது ‘உடன்’. ‘நோ’ என்பது ‘இல்லை’. இவை தனித்து நின்று பெரும்பொருள் தருவன அல்ல. எனினும், செங்கற்களை இணைக்கும் சாந்தினைப் போல, மற்றைச் சொற்களை ஒன்றாகப் பிணிப்பவை இவையே. சாந்து இல்லாத இடத்தில் செங்கல் எத்துணை இருப்பினும் சுவர் எழாது. முந்நூறு பெயர் கற்ற மாணவன் செங்கற்களை மட்டுமே சேர்த்தவன்.

இவற்றை அடுத்து வினாச்சொற்களைக் கற்றல் நலம். ‘கே’ என்பது ‘என்ன’. ‘கியேன்’ என்பது ‘யார்’. ‘தோந்தே’ என்பது ‘எங்கே’. ‘கோமோ’ என்பது ‘எப்படி’. வினவத் தெரிந்தவன் தான் அறியாத சொல்லை அம்மொழி பேசுவோரிடமே கேட்டுப் பெறுவான். ஆதலின் ஒரு வினாச்சொல் நூறு பெயர்ச்சொற்களுக்கு வாயிலாகும்.

மூன்றாவதாக, சில வினைகளைக் கற்றல் வேண்டும். இரு, கொண்டிரு, போ, வா, செய், விரும்பு, இயலு என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு வினைகள் பேச்சின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. இவ்விடத்தில் தமிழ் மாணவனுக்கு ஓர் எளிமை உண்டு. தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினையின் ஈறே எழுவாயைக் காட்டிவிடும். ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’; ‘ஆப்லாஸ்’ என்றால் ‘பேசுகிறாய்’. ‘நான்’, ‘நீ’ என்பவற்றை வெளிப்படக் கூறவேண்டுவதில்லை. ‘வோய் ஆ கோமேர்’ என்பது ‘உண்ணப் போகிறேன்’ என்னும் தமிழ்த் தொடரைப் போலவே, போதல் வினையால் எதிர்காலத்தை உணர்த்துவது. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடும் ‘தூ’, ‘உஸ்தேத்’ என அங்கு உண்டு. முதியோரிடத்தும் அறிமுகமில்லாதவரிடத்தும் ‘உஸ்தேத்’ என்று கூறுவதே பெரும்பாலான இடங்களில் மரியாதை. ஆகவே, இவ்விரு சொற்களையும் தொடக்கத்திலேயே கற்றல் தகும்.

நான்காவது நிலையிலேயே பெயர்ச்சொற்கள் வருகின்றன. இங்கும் தமிழ் வீடுகளில் சில சொற்கள் முன்னரே காத்திருக்கின்றன. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியச் சொற்கள் பல தமிழில் வந்து கலந்தன. போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் இலத்தீனிலிருந்து பிறந்த உடன்பிறப்பு மொழிகள். அதனால் நம் மேசை அங்கு ‘மேசா’, அலமாரி ‘அர்மாரியோ’, துவாலை ‘தோவாயா’, பொத்தான் ‘போத்தோன்’, சப்பாத்து ‘சபாத்தோ’, பப்பாளி ‘பபாயா’. அறிந்த சொல்லின் துணைகொண்டு அறியாத சொல்லைப் பற்றுதல் நினைவுக்கு எளிது. ஆயினும் ஒலியொப்புமையை எங்கும் நம்பலாகாது. ‘மமா’ என்னும் ஸ்பானியச் சொல் தாயைக் குறிக்கும், மாமனைக் குறிக்காது. மேலும், அம்மொழியில் உயிரற்ற பொருள்களின் பெயர்களும் ஆண்பால், பெண்பால் என வகுக்கப்படும். ஞாயிறு ‘எல் சோல்’ என ஆண்பாலாகவும், திங்கள் ‘லா லூனா’ எனப் பெண்பாலாகவும் வழங்கும். பெயரைக் கற்கும்போதே ‘எல்’, ‘லா’ என்னும் அடையையும் சேர்த்துக் கற்பவனுக்குப் பின்னர்ப் பிழை நேராது.

பெயர்களுள்ளும் தெரிவு வேண்டும். கணக்கிட்ட வரிசையில் ‘மருந்து’ என்பது பின்தங்கி நிற்கலாம். நோயுற்றவன் முன் நிற்பவனுக்கு அதுவே முதற்சொல். உழவனுக்கு விதையும் நீரும், வணிகனுக்கு விலையும் எண்ணும், திருவண்ணாமலையில் வழிகாட்டுவோனுக்கு மலை, பாதை, நீர், கோயில் என்பனவும் முற்படக் கற்றற்குரியவை. பயில்வு ஒரு கண். தேவை மற்றொரு கண். இரு கண்ணாலும் நோக்கிச் சொல்லைத் தெரிதல் வேண்டும்.

பிறமொழி கற்றுச் சிறந்தோர் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவருடன் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். மக்கள் பேச்சைக் கேட்டும் சுவடிகளைப் படித்தும் சொற்களைத் தொகுத்தார். உரைநடை வழக்குக்கு ஒன்றும் செய்யுள் வழக்குக்கு ஒன்றுமாகச் சொற்றொகுதிகளை வேறு வேறாக அமைத்தார். திருவண்ணாமலையில் 1896 முதல் வாழ்ந்த இரமண முனிவர், அன்பர்கள் கொண்டுவந்த நூல்களைப் படித்து அவர்களுக்குப் பொருள் விளக்கும் வாயிலாகவே வடமொழியும் தெலுங்கும் மலையாளமும் கற்று, அம்மொழிகளிற் பாடல்களும் இயற்றினார். எதிரில் நிற்பவரின் தேவையே இவர்களுக்குச் சொற்களைத் தெரிந்து கொடுத்தது.

தெரிந்த சொல்லை நெஞ்சில் நிறுத்துதல் அடுத்த கடமை. நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் கற்றால் நூறு நாளில் ஆயிரமாகும். ஆனால் கற்றதை மீண்டும் நோக்காதவனுக்கு அவ்வாயிரம் நில்லாது. 1885-ஆம் ஆண்டில் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், மறதி முதல் நாளிலேயே விரைந்து நிகழ்கிறது என்பதைத் தம்மையே சோதித்து அளந்து காட்டினார். மறுநாளும், சில நாள் கழித்தும், பின்னர் ஒரு திங்கள் கழித்தும் திரும்ப ஓதுதல் இதற்கு மருந்து. கேட்டதை மீண்டும் மீண்டும் கேட்டலின் பயனை நன்னூற் பாயிரமும் கூறுகிறது. சொல்லைத் தனியே ஓதாது சிறு தொடரில் அமைத்து ஓதுதல் இன்னும் சிறந்தது.

இனி, கிரிவலப் பாதையில் அம்மாணவன் கூறிய மூன்று சொற்களைக் காண்போம். ‘தோந்தே லெ துவேலே?’ என்பதே அவன் வினா. ‘தோந்தே’ என்பது எங்கே. ‘லெ’ என்பது உங்களுக்கு. ‘துவேலே’ என்பது வலிக்கிறது. எங்கே உங்களுக்கு வலிக்கிறது என்பது பொருள். நோவைக் கூறுமிடத்துத் தமிழில் ‘உங்களுக்கு’ என்று வருவது போலவே ஸ்பானியத்திலும் ‘லெ’ என்று வருவது கருதத்தக்கது. ஒன்று வினாச்சொல், ஒன்று உறவைக் காட்டும் சிறு சொல், ஒன்று வினை. மூன்றனுள் பொருட்பெயர் ஒன்றேனும் இல்லை. எனினும் துன்புறும் ஒருவரின் மொழியில் அவர் துன்பத்தை வினவ அவை போதுமாயின.

சொற்செல்வம் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. வேண்டும்பொழுது வந்து உதவும் சொல்லே செல்வம். எம்மொழியைக் கற்பினும், முதற்சொல்லைத் தெரியுமுன், அச்சொல் யாருக்கு, எப்பொழுது பயன்படும் என்று வினவுதல் மாணவர் கடன்.