‘கோசோங்’ என்று கேட்கப் பழகுவோம்

மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. டீ கலக்கும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி ஒருவரின் கையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குவளையில் முதலில் விழுவது டீ அல்ல, டின் பால். அது தண்ணீர் மாதிரி ஓடாது. நூல் பிடித்து மெதுவாக இறங்கும். ஒரு கரண்டி, அதன்மேல் இன்னொன்று. பிறகுதான் துணி வடிகட்டி வழியே கொதிக்கும் டீ. இரண்டு குவளைகளுக்கு நடுவே நான்கைந்து முறை இழுத்ததும் பொங்கும் நுரையில் அந்த இரண்டு கரண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஒரு கிளாஸ் தே தாரிக்கில் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரை சாதாரணமாகப் போய்விடும். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கிளாஸிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. நம்மில் எத்தனை பேர் இரண்டோடு நிறுத்துகிறோம்?

நம் வீட்டுக் கணக்கு

மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. குறைந்திருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியவில்லை. இனவாரியாகப் பார்த்தால் நோயின் விகிதம் மிக அதிகமாக இருப்பது இந்தியர்களிடம்தான். அதோடு, நோய் உள்ள ஐந்து பேரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் 2023 ஆய்வு சொன்னது.

அரசாங்கம் தன் பங்குக்கு 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025இல் அது 90 சென்னாக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வரி புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்பதற்குத்தான். நம் கண் முன்னே ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு வரி கிடையாது. அங்கே தடுப்பு என்று ஒன்று இருந்தால், அது நாம் டீ சொல்லும் வார்த்தை மட்டுமே.

நாலு மணி டீ கேட்டது என்ன?

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் துணிக்கடையில் வேலை செய்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பார். ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று பலமுறை சபதம் எடுத்து, ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் தோற்றுப் போனார். ‘எனக்கு மன உறுதி இல்லம்மா’ என்று தன்னையே திட்டிக்கொள்வார். மன உறுதி இல்லாதவரா காலை ஒன்பதிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறார்? எனக்கு அது ஒப்பவில்லை.

ஒரு வாரம், எந்த டீயை எப்போது, யாரோடு குடித்தார், அதற்கு முன்பு உடம்பு எப்படி இருந்தது என்று மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். எதையும் விடச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: நாலு மணி டீயைக் கேட்டது நாக்கு அல்ல, கால். அந்த நேரத்தில் உட்காருவதற்கு அவருக்கு இருந்த ஒரே சாக்கு அதுதான்.

பழக்கத்தின் உள்கட்டு இதுதான். ஏதோ ஒன்று தூண்டுகிறது; கை பழகிய வேலையைச் செய்கிறது; உடம்புக்கு ஒரு சுகம் கிடைக்கிறது. தூண்டுதலையும் சுகத்தையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் மாற்றினால் போராட்டம் பாதியாகிவிடும். அண்ணன் இப்போதும் நாலு மணிக்குப் போகிறார். அதே நாற்காலி, அதே கூட்டாளி. கிளாஸில் இருப்பது மட்டும் தே ஓ கோசோங்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

ஒரேயடியாக வேண்டாம்

முதல் நாளே கோசோங் குடித்தால் கசக்கும். முகம் சுளித்துவிட்டு மறுநாள் பழையபடி திரும்பிவிடுவோம். முதலில் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லி இனிப்பைக் குறைத்து, சில வாரம் கழித்து அடுத்த படிக்குப் போகலாம். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். அதன் பிறகு பழைய டீயே தெவிட்டும்.

21 நாளில் எந்தப் பழக்கமும் மாறும் என்று சொல்வார்கள். அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 250 நாளைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. கல்யாண வீட்டில் ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று அந்த வாரத்தையே கைவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக் தேதிக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுவதிலும் பயன் இல்லை. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரியைக் காட்டிவிடும்.

சனிக்கிழமைச் சந்தை

துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் சனிக்கிழமை மாலை கூடும் பாசார் மாலாமில் பசியோடு நுழைந்தால் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. சிராப் பண்டோங், செண்டோல், பொரித்த பலகாரங்கள் என்று வாசனையே ஆளை இழுக்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கையில் தண்ணீர்ப் புட்டியோடு போங்கள். கரும்புச் சாறு இயற்கையானதுதானே என்று கேட்பவர்களுக்கு: இயற்கையாக வந்தாலும் அது சர்க்கரைதான்.

பொருள் வாங்கப் போன இடத்தில் முதலாளி அன்போடு டீ வரவழைப்பார். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடும். அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறார். டீ சொல்லப் பையன் படி இறங்குவதற்கு முன்பே, ‘தம்பி, எனக்கு ஓ கோசோங்’ என்று குரல் கொடுத்துவிடுவார். போன மாதம் நானும் கூட இருந்தேன். பையன் திரும்பி, ‘தெரியும்ணே’ என்று சொல்லிவிட்டு ஓடினான்.